அன்பிலே பிறக்கும் துயரம்

சிராவஸ்தி நகரிலே இல்லறத்தான் ஒருவன் தன் ஒரே மகனைச் சாவுக்குப் பறிகொடுத்தான். அன்று தொடங்கித் தொழிலில் அவனுக்கு நாட்டமில்லை, உணவு செல்லவில்லை. சுடுகாட்டிற்குப் போய் மகனை அழைத்து அழைத்து அழுவதே அவன் செயலாயிற்று. அந்நிலையில் ஒருநாள் அவன் புத்தரிடம் வந்தான். அவன் முகமாற்றத்தைக் கண்டு காரணம் கேட்டறிந்த புத்தர், துயரமும் புலம்பலும் நம் அன்புக்குரியவர்களிடமிருந்தே பிறக்கின்றன என்றார். வந்தவனுக்கு அச்சொல் பிடிக்கவில்லை. அன்புக்குரியவர்களிடமிருந்து பிறப்பது இன்பமும் மகிழ்ச்சியும் அல்லவா, இவர் என்ன இப்படிச் சொல்கின்றார் என்று மனம் கசந்து எழுந்து போய்விட்டான். சற்றுத் தொலைவில் சிலர் சூதாடிக்கொண்டிருந்தனர். அவர்களிடம் நடந்ததைச் சொன்னான். நீ சொல்வதே சரி என்றார்கள் அவர்களும். சூதாடிகள் தன் கட்சியே என்ற மனநிறைவோடு அவன் அவ்விடம் விட்டு அகன்றான்.

பாலி மொழியிலுள்ள மஜ்ஜிம நிகாயத்தில் இடம்பெறும் நிகழ்ச்சி இது. பௌத்த நூல்களில் நான் படித்தவை சிலவே. அவற்றுள் என்னை மிகுதியும் அலைக்கழித்தது இதுதான். என் தமக்கையார் பக்கவாதத்தால் வலப்புறம் முழுவதும் செயலிழந்து, பேச்சும் நின்றுபோய், பதினான்கு மாதங்கள் படுக்கையில் கிடந்தார். தாயில்லாத எங்களை வளர்த்தவர் அவர். படுக்கைப்புண் வராதிருக்க இரவில் அவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, அருகில் நாற்காலியில் அமர்ந்து எதையாவது படித்துக்கொண்டிருப்பது என் வழக்கம். அவ்வாறு படிக்கையில் இந்த இடம் வந்தது. நானும் அவ்வில்லறத்தானைப் போலவே மனம் கசந்து நூலை மூடி வைத்தேன். சூதாடிகளைத் தேடிப் போகவில்லை, அவ்வளவே.

ஆயினும் அச்சொல் என்னை விடவில்லை. மகனை இழந்து அழுகின்றவனிடம் இதைச் சொல்ல ஒருவருக்கு எப்படி மனம் வரும்? கல்நெஞ்சரா அவர்? அப்படியானால் இருபத்தைந்து நூற்றாண்டுகளாக அவரைக் கருணையின் வடிவம் என்று இத்தனை நாடுகள் போற்றுவானேன்? விடை காண விழைந்து, மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட ‘பௌத்தமும் தமிழும்’ நூலிலிருந்து தொடங்கிக் கிடைத்தவற்றையெல்லாம் படிக்கலானேன். (அதே அறிஞர் அதற்கு முன்னரே, 1936இல், ‘கிறிஸ்தவமும் தமிழும்’ எழுதியவர் என்பதை நம் வாசகர் அறிந்திருக்கலாம்.)

சித்தார்த்த கௌதமர் பிறந்த லும்பினி, இன்றைய நேபாள நாட்டின் தென் எல்லையை ஒட்டி உள்ளது. அசோகப் பேரரசர் முடிசூடி 20 ஆண்டுகள் ஆன பின் அங்கு வந்து வணங்கினார். புத்தர் பிறந்த ஊர் என்பதால் அவ்வூருக்கு வரிச்சலுகை அளித்து, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு தந்தால் போதும் என்றார். இதைச் சொல்லும் கல்வெட்டுத் தூண் 1896இல் அங்கே கண்டறியப்பட்டது. இடம் உறுதி; காலம்தான் இன்னும் வழக்கில் இருக்கின்றது. கி.மு. 563இல் பிறந்து 483இல் மறைந்தார் என்று பள்ளியில் படித்தோம். இலங்கை மரபு அவரது மறைவைக் கி.மு. 544 என்று கணக்கிடுகின்றது. இக்கால ஆய்வாளருள் பலர் அதைக் கி.மு. 400ஐ ஒட்டி வைக்கின்றனர்.

பேரரசர் ஒருவரின் மகனாக அவரைக் கதைகள் காட்டும். சாக்கியர்களோ முடியாட்சியினர் அல்லர். குலத் தலைவர்கள் மன்றத்தில் கூடி ஆண்ட சிறு கூட்டத்தார். தந்தை சுத்தோதனர் அத்தலைவர்களுள் முதன்மையானவராக இருந்திருக்கலாம். மகன் பிறந்த ஏழாம் நாள் தாய் மாயாதேவி இறந்தார். தாயின் தங்கை மகாபிரஜாபதி கௌதமி பாலூட்டி வளர்த்தார். பெற்றவளல்லாத ஒருத்தியின் கையால் வளர்ந்த பிள்ளை அவர் என்பதை, என் நிலையில், நான் எளிதில் கடந்து செல்ல இயலவில்லை.

முதியவர், நோயாளி, பிணம், துறவி ஆகிய நான்கு காட்சிகளைக் கண்டு இளவரசர் உள்ளம் கலங்கினார் என்னும் கதையை அறியாதார் இல்லை. ஆனால் தம் துறவைப் பற்றிப் புத்தரே பேசுவதாக அமைந்த பழைய உரையொன்றில் அந்நான்கு காட்சிகள் இல்லை. நான் இளைஞனாய், கருங்கூந்தலோடு இருந்தபோது, தாயும் தந்தையும் விரும்பாமல் கண்ணீர் வடிக்க, தலையை மழித்து வீட்டைவிட்டுப் புறப்பட்டேன் என்ற பொருளில் சுருக்கமாக அவர் சொல்லிச் செல்கின்றார். கதையைவிட இது எனக்குக் கனமாகத் தெரிகின்றது. நான்கு காட்சிகளின் கதையோ பெரும்பயணம் செய்தது. அரபு, ஜார்ஜிய, கிரேக்க, இலத்தீன் மொழிகளைக் கடந்து, ‘போதிசத்துவர்’ என்ற பெயர் வாய்க்கு வாய் திரிந்து ‘யோசபாத்து’ என்றாகி, துறவி பர்லாமும் இந்திய இளவரசர் யோசபாத்தும் உரோமை மறைச்சாட்சியர் நூலில் நவம்பர் 27ஆம் நாளுக்குரிய புனிதர்களாயினர். இக்கதையின் வேர் புத்தரின் வரலாறே என்பதை 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் நிறுவினர். நம் முன்னோர் தம்மை அறியாமலே அவருக்கு விழா எடுத்திருக்கின்றனர்.

மனைவியையும் பச்சிளங்குழந்தை இராகுலனையும் விட்டு அவர் புறப்பட்டபோது வயது 29 என்பர். அக்காலக் கங்கைச் சமவெளியில் இப்படிப் புறப்பட்டவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். நகரங்கள் எழுந்தன, வணிகம் பெருகியது, மகதமும் கோசலமும் சிறு குலங்களை விழுங்கிக்கொண்டிருந்தன. வேள்வியும் பிறப்பால் வரும் உயர்வும் மட்டுமே விடுதலை தருமா என்று கேட்டவர்கள் காடுகளிலும் சோலைகளிலும் நிறைந்திருந்தனர். மகாவீரர் அக்காலத்தவர். கௌதமர் ஆசிரியர் இருவரிடம் தியானம் பயின்றார், போதவில்லை. பின்னர் உடலை வருத்தினார், எலும்பும் தோலுமானார், அதுவும் வழியன்று என்று தெளிந்து உணவு கொண்டார். உடனிருந்த ஐவரும் அவர் சோர்ந்துவிட்டார் என்று வெறுத்துப் பிரிந்தனர். 35ஆம் வயதில், நேரஞ்சரை ஆற்றங்கரையில், இன்று புத்தகயை எனப்படும் இடத்தில், அரசமரத்தடியில் தேடியதைக் கண்டார். கண்டதை முதலில் சொன்னதும், தம்மை விட்டுப்போன அந்த ஐவருக்கே. காசிக்கு அருகே, மான்கள் திரிந்த சோலையில், இன்றைய சாரநாத்தில் அவர் ஆற்றிய உரையில் பௌத்தத்தின் கரு முழுவதும் அடங்கியிருக்கின்றது.

அதனை மருத்துவரின் முறையோடு ஒப்பிடுவது நெடுநாள் மரபு. நோய் இன்னது, அதன் காரணம் இன்னது, அது தீரக்கூடியது, தீரும் வழி இன்னது என்ற நான்கே செய்திகள். முதற்செய்தி ‘துக்கம்’ என்பது. துன்பம் என்று நாம் பெயர்த்துவிடுகின்றோம். அச்சொல் அதனைவிட அகன்றது. பிறப்பும் மூப்பும் பிணியும் சாவும் மட்டுமல்ல, விரும்பாதவரோடு சேர்ந்திருப்பதும் விரும்பியவரைப் பிரிவதும் துக்கம். நிறைந்த இன்பத்தின் நடுவிலும் இது நில்லாதே என்று உள்ளே அரிப்பதும் துக்கம். இதைக் கேட்டுப் பௌத்தம் அழுமூஞ்சிச் சமயம் என்று முடிவு கட்டுவோர் மூன்றாம் செய்திவரை காத்திருப்பதில்லை. நோயைச் சொன்னதற்காக மருத்துவரைக் கோபிப்பது போன்றதே அது. நோய் தீரும் என்பதைச் சொல்லவே அவர் வாய் திறந்தார்.

காரணம் என்று அவர் சுட்டியது ‘தண்ஹா’. தாகம் என்பது அதன் நேர்ப்பொருள். வேட்கை என்று நம் பழந்தமிழ் சொல்லும். புலனின்பம் வேண்டும் என்ற தாகம், இருந்துகொண்டே இருக்கவேண்டும் என்ற தாகம், சில வேளை இல்லாமலே போய்விடவேண்டும் என்ற தாகம். எல்லாம் மாறிக்கொண்டிருக்கும் உலகில், மாறாத ‘நான்’ ஒன்று உண்டென்றும், அதற்கு ‘எனது’ என்று சில உண்டென்றும் பற்றிக்கொள்வதால் தாகம் தணிவதில்லை என்றார். உடலும் உணர்வும் எண்ணமும் எல்லாம் ஒன்றையொன்று சார்ந்து தோன்றி மறைபவை. ஆற்றைப் போல ஓடுபவை. இவற்றினூடே நிலைத்த ஆன்மா என்று எடுத்துக் காட்ட ஏதுமில்லை என்பது அவர் துணிபு. தீர்வுக்குரிய வழி, நற்காட்சியில் தொடங்கி நல்வாய்மை, நற்செய்கை, நேர்மையான பிழைப்பு ஆகியவற்றின் வழியாக மன ஒருமைவரை செல்லும் எண்வழி. உடலை வருத்தலும் இன்பத்தில் ஆழ்தலும் ஆகிய இரு கோடிகளுக்கும் நடுவே செல்வதால் அதனை நடுவழி என்றனர். தாகம் அணைந்த நிலை நிப்பானம். விளக்கு அவிவதைக் குறிக்கும் சொல் அது.

படைத்தவர் ஒருவரைப் பற்றிய பேச்சு இதில் இல்லை என்பதை வாசகர் கவனித்திருப்பர். ஆன்மாவைப் பற்றி நாம் நம்புவதும் அவர் சொல்வதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை மூடி மெழுகுவது இரு சாராருக்கும் மரியாதை ஆகாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பிற சமயங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் பௌத்தத்தைக் குறிப்பிட்டபோது, மாறும் இவ்வுலகம் நிறைவு தராது என்பதை அது உணர்ந்திருப்பதாகச் சொல்லி மதித்தது. வேற்றுமை இருக்கின்றது, மதிப்பதற்கு அது தடையாக நிற்கவில்லை.

இப்போது என் தமக்கையாரின் படுக்கையருகே திரும்புகின்றேன். பார்க்க வந்தவர்கள் நல்லவர்கள். பழமும் வார்த்தையும் கொண்டுவந்தார்கள். ஒருவர், ஆண்டவருக்கு வேண்டியவர்களுக்கே இப்படி வரும் என்றார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, குடும்பத்தில் யார் செய்த பாவமோ என்றார். பேச இயலாதவருக்குக் காது கேட்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. தமக்கையாரின் இடக்கண்ணிலிருந்து நீர் வழிந்ததை நான் துடைத்தேன்.

புத்தர் சொன்ன இரண்டு உவமைகளை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். நச்சு அம்பு தைத்த ஒருவன், எய்தவன் யார், அவன் குலம் என்ன, வில் எந்த மரத்தால் ஆனது என்பதையெல்லாம் அறிந்த பிறகே அம்பைப் பிடுங்கவிடுவேன் என்றால், அறியுமுன் செத்துப்போவான் என்பது ஒன்று. உலகம் நிலையானதா, முடிவுடையதா என்று கேட்டு நச்சரித்த மாலுங்கியபுத்தர் என்ற துறவிக்குச் சொன்னது அது. மற்றது இரு அம்புகளின் உவமை. நோயோ இழப்போ வரும்போது எவருக்கும் ஓர் அம்பு தைக்கின்றது. அதை யாராலும் தவிர்க்க இயலாது. அதே இடத்தில் இரண்டாம் அம்பைத் தைத்துக்கொள்வது மனம். ஏன் எனக்கு, யார் குற்றம், இனி என்ன ஆகும் என்று அது குடைகின்றது. என் தமக்கையாருக்குப் பக்கவாதம் முதல் அம்பு. இரண்டாவதைப் பழத்தோடு கொண்டுவந்தார்கள்.

எனக்குள்ளும் ஓர் இரண்டாம் அம்பு இருந்தது. அவர் எழுந்து உட்கார்ந்து, பழையபடி என் பெயரைச் சொல்லி அதட்டவேண்டும் என்று ஒவ்வோர் இரவும் வேண்டிக்கொண்டிருந்தேன், விடியும்போதெல்லாம் ஏமாந்தேன். அந்த ஏக்கம் மிகுந்த நாள்களில் அவர் அருகே இருப்பதே எனக்குப் பாரமாயிற்று. அது தளர்ந்த நாள்களில், அவர் கிடந்தபடியே அவரைக் குளிப்பாட்டித் தலைவாரிவிடுவதில் சொல்லவொண்ணா அமைதி இருந்தது. அன்பு இரு வேளையும் அதே அன்புதான். தாகம்தான் கூடிக் குறைந்தது. புத்தர் பேசியது இந்தத் தாகத்தைப் பற்றியோ என்று ஐயுறத் தொடங்கினேன்.

சிராவஸ்தியில் அந்த இல்லறத்தானோடு பேச்சு முடிந்துவிடவில்லை. செய்தி அரண்மனைக்கு எட்டியது. கோசல மன்னன் பிரசேனஜித்து தன் அரசி மல்லிகையிடம், உன் துறவி இப்படிச் சொன்னாராமே என்று சீண்டினான். அவர் சொன்னார் என்றால் அப்படித்தான் என்றாள் அரசி. ஆசிரியர் எது சொன்னாலும் ஆமாம் போடும் மாணவனைப் போலப் பேசுகின்றாய், போ, என்று எரிந்து விழுந்தான் அரசன். மல்லிகை ஓர் அந்தணரை அனுப்பி உண்மையைக் கேட்டறிந்த பின், மன்னனிடம் கேட்டாள்: நம் மகள் வஜிரி உமக்கு அன்புக்குரியவளா? ஆம் என்றான். அவளுக்கு ஏதேனும் நேர்ந்தால்? அப்படி நேர்ந்தால் என் வாழ்வே மாறிப்போகுமே, துயரம் எழாதிருக்குமா என்றான் மன்னன். அவளைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவே என்றாள். அன்பு செய்யாதே என்று அவளும் சொல்லவில்லை, புத்தரும் சொல்லவில்லை. அன்புக்கு விலை உண்டு, அது இன்னது என்று மட்டுமே சொல்லப்பட்டது. இதை ஏற்பதில் எனக்குத் தடையில்லை. இல்லறத்தான் சொன்னதும் பொய்யன்று என்று சேர்த்துச் சொல்லவே இன்னும் விரும்புகின்றேன். அவ்விடத்தில் நானும் பழைய நூலும் முற்றிலும் உடன்பட்டுவிடவில்லை.

எனினும் ஒன்றைச் சொல்லவேண்டும். அன்பு எவ்வளவு விரியவேண்டும் என்று சொல்ல வந்த பௌத்தம் கையாளும் அளவுகோல் எது தெரியுமா? தன் ஒரே பிள்ளையைத் தன் உயிர் கொடுத்தும் காக்கும் தாய். அவள் ஒரு பிள்ளையிடம் வைத்திருப்பதை எல்லா உயிர்களிடத்தும் வைக்கவேண்டும் என்கின்றது மெத்த சுத்தம் என்னும் சிற்றுரை. அன்பை நோய் என்று எண்ணியிருந்தால் அதையே அளவுகோலாக எடுத்திருக்கமாட்டார்கள்.

அவருடைய தந்தையின் துயரத்தையும் நூல்கள் மறைக்கவில்லை. புத்தர் கபிலவஸ்துவுக்கு வந்தபோது முதலில் நந்தன் துறவியானான். பின்னர் சிறுவன் இராகுலனுக்கும் துறவு அளிக்கப்பட்டது. முதியவர் சுத்தோதனர் வந்து முறையிட்டார். நீ போனபோது பட்ட துயரம் சிறிதன்று; நந்தனும் போனான்; இப்போது பேரனும். பிள்ளைப் பாசம் தோலை அறுத்து, தசையை அறுத்து, எலும்பையும் ஊடுருவி உள்ளே போய்த் தங்குகின்றது. பெற்றோர் இசைவின்றி இனி எவர் பிள்ளைக்கும் துறவு தராதீர்கள் என்றார். துயரம் பற்றிலிருந்து பிறக்கின்றது என்று பாடம் சொல்ல அதைவிட வாய்ப்பான வேளை இல்லை. அவர் அன்று அதைச் சொன்னதாக நூலில் இல்லை. பெற்றோர் இசைவில்லாமல் எவருக்கும் துறவு தரலாகாது என்று சங்கத்திற்கு விதி செய்தார். அவ்விதி இன்றும் இருக்கின்றது.

வயிற்றுப்போக்கு நோய் கண்ட துறவி ஒருவர் தம் கழிவிலேயே கிடந்ததை ஒருமுறை அவர் கண்டார். இவர் யாருக்கும் எதுவும் செய்ததில்லை, ஆகவே எவரும் கவனிக்கவில்லை என்பது விடையாக வந்தது. புத்தர் தண்ணீர் கொண்டுவரச் செய்தார். அவர் ஊற்ற, ஆனந்தர் கழுவினார். தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தரும் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். பிறகு சங்கத்தைக் கூட்டி, உங்களுக்கு இங்கே தாய் இல்லை, தந்தை இல்லை. ஒருவரை ஒருவர் பேணாவிட்டால் வேறு யார் பேணுவார் என்று கேட்டு, எனக்குப் பணிவிடை செய்ய விரும்புபவர் நோயுற்றவருக்குச் செய்யட்டும் என்று முடித்தார். இவ்விடத்தைப் படிக்கும் நம்மவர் எவருக்கும் மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் நினைவுக்கு வராமல் போகாது. நான் அதைப் படித்தது விடியற்காலை நான்கு மணிக்கு. தமக்கையாருக்குத் துணி மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன்.

எண்பதாம் வயதில், குசிநகரத்தில், இரண்டு சாலமரங்களின் நடுவே அவர் படுத்தார். அதற்கு முன் கொல்லன் சுந்தன் அளித்த உணவை உண்டபின்தான் நோய் முற்றியது. தான் இட்ட சோறே அவரைக் கொன்றது என்று சுந்தன் வருந்திவிடக்கூடாதே என்று, அவனுக்கு ஆறுதல் சொல்லும்படி ஆனந்தரிடம் முன்னதாகவே சொல்லிவைத்தார். இரண்டாம் அம்பு யாருக்கும் தைத்துவிடக்கூடாது என்பதில் கடைசிவரை அவருக்கு அத்தனை கவனம்.

இருபத்தைந்து ஆண்டுகள் உடனிருந்து பணிவிடை செய்த ஆனந்தரை அன்று காணவில்லை. விசாரித்தார். விடுதிக்குள்ளே போய், கதவைப் பிடித்துக்கொண்டு, நான் இன்னும் கற்க வேண்டியவனாயிற்றே, என்மீது இரக்கம் கொண்டிருந்த ஆசிரியர் போகின்றாரே என்று அழுதுகொண்டிருக்கின்றார் என்றார்கள். அழைத்துவரச் சொன்னார். அன்புக்குரிய எல்லாவற்றையும் விட்டுப் பிரிய வேண்டியிருக்கும் என்று முன்பே சொல்லியிருக்கின்றேனே, அழவேண்டாம் என்றார். அதோடு நிறுத்தவில்லை. ஆனந்தா, செயலாலும் சொல்லாலும் மனத்தாலும் நீ நெடுங்காலம் என்னிடம் அளவற்ற அன்பு காட்டினாய் என்று அவரிடம் சொல்லிவிட்டு, சுற்றியிருந்த துறவிகள் பக்கம் திரும்பி, ஆனந்தரின் நற்பண்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லத் தொடங்கினார்.